பொய்யாணிக்கு மேலே

செப்டம்பர் 3

மாப்பிள்ளைக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்குச் சின்னவளிடம் நீங்களே ஒரு காரணம் சொல்லிவிடுங்கள். அண்ணனுக்காகத் தங்கையிடம் பொய் சொல்வது உங்களுக்குப் புதிதில்லை.

ஏன் கிளம்பினேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பது உடல்களை வரிசையாகக் கிடத்தியிருந்த கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "மச்சான், இது நம்ம கைவேலைதான்" என்றீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள். ஆனால் பக்கத்தில் என் தங்கை இருந்தாள், அவளுக்குப் பின்னால் குவாரி ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். வாய் இருக்கிறது என்பதற்காகக் கண்ட இடத்தில் திறக்கலாமா?

நம் வேலை எது என்று மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். குவாரிக் குடியிருப்புக்கு மேலே பாறையில் ஒரு வெடிப்பு. அது அகலமாகிறதா என்று பார்க்க வருடத்துக்கு ஒரு முறை, ஜூன் மாதத்தில், எதிர்மேட்டில் ஏறி, அங்கே அடித்திருக்கும் ஆணிக்கு நேர்மேலே கேமராவை நிறுத்திப் படமெடுக்க வேண்டும். நீங்கள் சுமக்கிறீர்கள், நான் எடுக்கிறேன். அத்தோடு நம் வேலை முடிந்தது. ஆபீஸில் அளவுக்காரர் புதுப் படத்தைப் பழைய படத்தோடு வைத்து வெடிப்பை அளக்கிறார். படத்தில் அது ஐந்து மில்லிமீட்டரைத் தொட்டால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. போன வருடம் நாலு. இந்த வருடமும் நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஆகஸ்ட் மழையில் பாறை இறங்கியதற்கு நீங்களும் நானும் என்ன செய்ய முடியும்?

விசாரணைக்கு நம்மையும் கூப்பிடுவார்கள். "ஏறினோம், எடுத்தோம், கொடுத்தோம்" என்று மூன்று வார்த்தை சொல்லுங்கள். நாலாவது வார்த்தை வேண்டாம். கேமராப் பெட்டி உங்கள் வீட்டில் இருக்கிறது. லாரியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மச்சான்


செப்டம்பர் 12

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. 'நீங்கள்', 'உங்கள்' என்று மரியாதை பலமாக இருக்கிறது. மலையில் ஆறு வருடமாக "ஏய், மெதுவா வை, உடைச்சுத் தொலைச்சிடாத" என்றுதான் கேட்டுப் பழக்கம். கோபம் வந்தால்தான் உங்களுக்கு மாப்பிள்ளை மரியாதை ஞாபகம் வரும். உங்கள் தங்கையும் அப்படித்தான்.

கைவேலை என்று நான் சொன்னது வாய்தவறி வந்ததில்லை. உங்களிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. நேரில் சொல்லத் தைரியம் இல்லை, எழுதிவிடுகிறேன்.

முதல் வருடம் நாம் தப்பான ஆணியில் கேமராவை நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? வேறு யாரோ எதற்கோ அடித்துவிட்டுப் போன பழைய ஆணி. பிறகுதான் நம்முடையது இன்னும் மேலே, சங்கிலி பிடித்து ஏறுகிற அந்தச் செங்குத்துப் பாறைக்கு அப்பால் இருக்கிறது என்று தெரிந்தது. அன்றிலிருந்து கீழே இருப்பது பொய்யாணி, மேலே இருப்பது மெய்யாணி. சுமையோடு ஏறினால் நடுவில் அரைமணி நேரம்.

இந்த ஜூனில் என் இடுப்பு சரியில்லை. வீட்டிலேயே வலி. சொன்னால் வேறு ஆளைப் போடுவீர்கள் என்று சொல்லவில்லை. ஸ்டாண்டு பதினொன்று, பிலிம் ஹோல்டர் பெட்டி ஏழு, லென்ஸ் மூன்று, கயிறு தண்ணீர் எல்லாம் ஐந்து, ஆக இருபத்தாறு கிலோ முதுகில். பனிமூட்டம் வேறு. நான் முன்னால் போய்ப் பொய்யாணிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கத்தான் உட்கார்ந்தேன். சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டுமே என்று ஸ்டாண்டை விரித்தேன். அந்த நேரம் பார்த்து மூட்டத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள். ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, "வந்துட்டோமா மாப்பிள்ளை?" என்றீர்கள்.

நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் மச்சான். ஒரு "ம்".

நீங்கள் தூக்குக்குண்டைக் கட்டி ஆணிக்கு நேராக இறக்கினீர்கள், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டீர்கள், எடுத்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏமாற்றியவன் நான். அங்கிருந்து பார்த்தால் வெடிப்பு சாய்வாகத் தெரியும், ஐந்து நாலாகிவிடும். பக்கவாட்டில் நின்று பார்க்கிறவனுக்குத் திறந்த கதவும் சாத்தின மாதிரிதான் இருக்கும், தச்சு வேலை செய்கிற எனக்கு இது தெரியாதா?

குவாரி ஸ்டோர்க்காரம்மாவை நான்தான் மண்ணிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு வருடமும் நம் சாமானைப் பார்சல் தராசில் வைத்து, "ஒரு போட்டோவுக்கு முப்பத்தெட்டு கிலோவா? இத வச்சு நான் ஒரு குடும்பத்தையே நடத்திடுவேனே" என்று சிரிப்பாளே, அவளைத்தான். இரண்டாவது வரிசையில் மூன்றாவது வீடு. கையில் சாவிக்கொத்து அப்படியே இருந்தது.

நான் விசாரணையில் சொல்லப்போகிறேன். உங்கள் பெயர் கெடாமல் சொல்கிறேன்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 20

மாப்பிள்ளைக்கு,

படித்தேன். இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

நடந்தது நடந்துவிட்டது. நீங்கள் செய்தது தப்புதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனாலும் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களை நான் மன்னித்துவிட்டேன். இதை இதோடு விடுங்கள்.

விசாரணையில் சொல்வதால் மண்ணுக்குள் போனவர்கள் எழுந்து வரப்போவதில்லை. நீங்கள் ஜெயிலுக்குப் போனால் சின்னவள் என்ன செய்வாள்? பட்டறையை யார் பார்ப்பார்கள்? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? சும்மா இருப்பது ஒன்றுதான் இப்போது நாம் செய்யக்கூடிய நல்ல காரியம்.

கேமரா இன்னும் வரவில்லை. உங்கள் கடிதத்தைக் கொளுத்திவிட்டேன். இதையும் நீங்கள் கொளுத்திவிடுங்கள்.

மச்சான்


அக்டோபர் 2

மச்சானுக்கு,

மன்னித்ததற்கு நன்றி. மூன்று தடவை படித்தேன். ஆறுதலாக இருக்க வேண்டியது, ஏனோ இல்லை.

அளவுக்காரரைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கவனக்குறைவால் ஒன்பது உயிர் போனதாக வழக்கு. நான் போய்ப் பார்த்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, சட்டைப் பையில் பென்சிலைக்கூடக் கூர் மேல்பக்கம் இருக்கிற மாதிரி குத்துகிற ஆள். அவர் பூதக்கண்ணாடியைச் சாட்சிப் பொருள் என்று எடுத்துக்கொண்டார்களாம். ஒன்றும் இல்லாத கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்க்கிறார். "நாலுதாங்க இருந்துச்சு. ஓரத்துப் பாறையில பெயிண்ட் அடிச்ச ரெண்டு வெள்ளைக் குறியும் பழைய படத்தோட கச்சிதமா உக்காந்துச்சு. குறி உக்காந்தா படம் சரின்னு அர்த்தம். அப்புறந்தான் வெடிப்ப அளந்தேன்" என்றார். பத்து தடவை இதையே சொன்னார். அப்புறம், "ஒருவேளை என் கண்ணுதான் போயிடுச்சோ?" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நேராக விசாரணை அதிகாரி அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பொய்யாணி, இடுப்பு, "ம்", எல்லாம். உங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, "வாயால சொன்னா பத்தாது. யாரு வேணா யாருக்காகவும் சொல்லலாம். நிரூபிக்க முடியுமா?" என்றார். ஜூன் படத்தில் ஒரே மூட்டம், இரண்டு குறியையும் வெடிப்பையும் தவிர ஒப்பிட வேறு எதுவும் இல்லை. பாறை போனாலும் குறிகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஆகவே மறுபடி ஏறிப் பொய்யாணியிலிருந்து ஒரு படம், மெய்யாணியிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்கிறார். பொய்யாணிப் படம் ஜூன் படத்தோடு பொருந்தினால் அளவுக்காரரை விட்டுவிடலாம்.

நான் போகிறேன். அதனால்தான் கேமராவை அனுப்பவில்லை. இடுப்புக்கு ஒரு பட்டை கட்டியிருக்கிறேன், இரண்டு நடையாகச் சுமந்தால் முடியும். சுமக்கத்தான் எனக்குத் தெரியும், எடுக்கத் தெரியாது. எழுதுங்கள். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. ஆணியும் தூக்குக்குண்டும் சரியாக இருந்தால் போதுமா, அல்லது அன்று நீங்கள் வேறு ஏதாவது செய்தீர்களா?

மாப்பிள்ளை


அக்டோபர் 9

மாப்பிள்ளைக்கு,

போக வேண்டாம். இதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்த இடுப்போடு தனியாக அந்தச் சங்கிலியில் ஏறுவது சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது. மழைக்குப் பிறகு பாறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சொன்னால் கேட்கிற ஆளில்லை என்றும் தெரியும். கேமராவைக் கண்டபடி திருகி உடைத்து வைப்பதற்கு, சொல்லியே தொலைக்கிறேன்.

ஸ்டாண்டின் காலை நன்றாக ஊன்று. குண்டு ஆணித்தலைக்கு நேராக வந்து ஆடாமல் நிற்கிற வரை பெட்டியைத் திறக்காதே. பின்பக்கம் மங்கல் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், பயப்படாதே. லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற மடிப்புத் துருத்தியை முன்னும் பின்னும் தள்ளிப் பாறையின் சொரசொரப்பு தெரிகிற வரை பார். துணியை நன்றாக இழுத்து மூடிக்கொள். பிறகு லென்ஸை மூடு, மூடாமல் ஹோல்டரைச் சொருகினால் பிலிம் போச்சு. ஹோல்டரின் தகட்டில் வெள்ளை ஓரம் வெளியே தெரிந்தால் இன்னும் எடுக்காதது. எடுத்து முடித்ததும் கறுப்பு ஓரம் வெளியே வருகிற மாதிரி திருப்பிச் சொருகு. இதை மறந்தால் ஒரே பிலிமில் இரண்டு படம் ஏறிவிடும். கண்ணாடி மாட்டியிருக்கிற பின்சட்டம் நேராக, பூஜ்யத்தில் நிற்கட்டும். அதைத் திருப்புகிற திருகாணியைத் தொடாதே.

வேறொன்றும் இல்லை.

இன்னொரு தடவை சொல்கிறேன், போகாதே. சின்னவளிடம் சொல்லித் தடுக்கச் சொல்லலாம் என்றால் அவள் என் கடிதத்தைப் பிரிப்பதே இல்லையாமே.

மச்சான்


அக்டோபர் 27

மச்சானுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து மேலே ஏறுகிறது. அதுவாவது ஏறட்டும்.

பதினேழாம் தேதி போனேன். அதிகாரி அம்மாவோடு ஒரு குமாஸ்தா வந்தார், பொய்யாணி வரைதான். முதல் நடையில் ஸ்டாண்டும் ஹோல்டரும், இரண்டாவது நடையில் கேமராவும் லென்ஸும். பொய்யாணியில் எடுத்தேன். பிறகு சங்கிலிப் பாறையில் இரண்டு நடை. மெய்யாணியிலும் எடுத்தேன். நீங்கள் எழுதினதை மனப்பாடம் பண்ணியிருந்தேன், தகட்டைத் திருப்பும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். எதிரே பாறை இருந்த இடம் பச்சைப் புண் மாதிரி இருந்தது. இறங்கும்போது கடைசி நடையில் சங்கிலி வழுக்கியது. கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விழுந்தேன், அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. நடக்கலாம் என்கிறார் டாக்டர். சுமக்கலாம் என்று சொல்லவில்லை.

இதெல்லாம் போகட்டும். படங்கள் பொருந்தவில்லை.

இரண்டுமே நல்ல படம்தானாம். ஆனால் ஜூன் படத்தைப் பொய்யாணிப் படத்தோடு வைத்தால் இரண்டு குறியும் உட்காரவில்லை. இடது குறியை வைத்தால் வலது குறி விலகுகிறது. மெய்யாணிப் படத்தோடு வைத்தால் கச்சிதமாக உட்காருகின்றன. அதிகாரி அம்மா என் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உங்க நல்ல மனசு புரியுது. அந்த மனுஷனக் காப்பாத்தணும்னு பொய் சொல்லி, உங்க இடுப்பையும் ஒடச்சிக்கிட்டீங்க. ஜூன்ல நீங்க சரியான ஆணியிலதான் நின்னிருக்கீங்க" என்றார். பரிதாபப்பட்டு என் கையை வேறு தட்டிக்கொடுத்தார். வாழ்க்கையில் நான் ஒரே ஒரு பெரிய உண்மை சொன்னேன், அதற்கு இப்படி.

அளவுக்காரருக்கும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டார், "என் கண் தவறியது, ஒன்பது பேர் சாவுக்கு நானே காரணம்" என்று. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தானே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பத்து நாளாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன் மச்சான். வேறு வேலை இல்லாததால் யோசித்தேன். நான் துணிக்குள் இருந்தது ஐந்து நிமிடம். ஜூனில் நீங்கள் இருந்தது இருபது நிமிடத்துக்கு மேல். நான் வெளியே பாறையில் சாய்ந்திருந்தேன், உள்ளே பித்தளைத் திருகாணி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

கேமராவைக் கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்துப் பார்த்தேன். பின்சட்டத்துக்குக் கீழே அளவுப் பட்டையில், பூஜ்யத்துக்கு வலது பக்கம், ஒரு சின்னப் பென்சில் கோடு. தச்சன் கண்ணுக்குப் பென்சில் கோடு தப்பாது. சட்டத்தை அங்கே திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் சுருங்குகிறது. பொருந்தாத குறியைப் பொருந்த வைக்க அது போதும்.

கண்ணாடியில், பழைய படங்களில் குறி விழுந்த இடங்களில், நீங்கள் வைத்த இரண்டு பென்சில் புள்ளிகளும் இருக்கின்றன. குறிகள் அவற்றில் உட்காரவில்லை என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அப்படியானால் "வந்துட்டோமா" என்று கேட்டபோதே தெரியுமா? எனக்கு அதுதான் வேண்டும். என்னை மன்னித்தேன் என்று எழுதினீர்களே, அந்தக் கையால் இதற்கும் பதில் எழுதுங்கள்.

மாப்பிள்ளை


நவம்பர் 5

மாப்பிள்ளை,

தெரியும்.

மெய்யாணியின் தலை வளைந்திருக்கும். பொய்யாணியின் தலை தட்டையாக இருக்கும். ஆறு வருடம் குண்டு கட்டியவனுக்கு அது தெரியாதா? மூட்டத்திலிருந்து வெளியே வந்ததுமே தெரிந்தது. "வந்துட்டோமா" என்று நான் கேட்டது உன்னை ஏமாற்றத்தான். நீ "ம்" என்று சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. இனி இது உன் தப்பு, என் தப்பில்லை என்று நினைத்தேன். முழுசாக அப்படித்தான் நினைத்தேன்.

மே மாதம் டாக்டர் என் நெஞ்சில் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்றார். மேடு ஏறக்கூடாது என்றார். ஆபீஸுக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். உனக்குத் தெரிந்தால் நீ என்னை ஏற விடமாட்டாய். யாரிடமும் சொல்லவில்லை. அன்று பன்னிரண்டு கிலோதான் என் முதுகில். பொய்யாணிக்கு வரும்போது நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. சங்கிலியில் ஏறினால் அங்கேயே செத்துவிடுவேன் என்று பயந்தேன். மானத்தையும் விட மனமில்லை, உயிரையும் விட மனமில்லை.

துணிக்குள் போனேன். குறிகள் என் பென்சில் புள்ளிகளில் உட்காரவில்லை. அப்போதாவது வெளியே வந்து "திரும்பிடலாம்" என்று சொல்லியிருந்தால், படம் பொருந்தவில்லை என்று அளவுக்காரரே திருப்பி அனுப்பியிருப்பார். அங்கேதான் என் வித்தையைக் காட்டினேன். பின்சட்டத்தைத் திருப்பித் திருப்பி, இரண்டு குறியையும் புள்ளிகளில் உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வேலையை இவ்வளவு நுணுக்கமாக வேறு எவனாலும் செய்ய முடியாது என்று நினைத்தேன். உன் பொய் ஒரு "ம்". அதைப் பொருந்துகிற பொய்யாக ஆக்கியது நான். அந்த நேர்மையான மனுஷனுடைய கண்ணை ஏமாற்றியதும் நான்.

உனக்கு எழுதியபோது 'பூஜ்யத்தில் நிற்கட்டும்' என்று தெரிந்தேதான் எழுதினேன். நீ எடுக்கிற படம் பொருந்தாது, விஷயம் அதோடு அமுங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். நீ விழுவாய் என்று கணக்கில் இல்லை. இப்படி எழுதும்போதே, இருந்திருந்தால் மட்டும் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்று தோன்றுகிறது. தெரியவில்லை.

இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் குறிப்புப் புத்தகத்தில் ஜூன் மாதப் பக்கம். எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் நேரம், வெளிச்சம், சட்டம் எல்லாம் எழுதுவது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். அன்றும் கை தானாக எழுதிவிட்டது: 'பின்சட்டம் வலம் ஆறரை.' இறங்கி வந்த பிறகு கிழித்தேன். கொளுத்த மனம் வரவில்லை. உன் கடிதத்தைக் கொளுத்தினேன் என்று எழுதினேனே, அதுவும் பொய். அதுவும் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தையும் தாளையும் அதிகாரி அம்மாவிடம் கொடுத்துவிடு. கூப்பிட்டால் வருகிறேன். வராமல் ஒளிந்துகொள்ள எனக்கு ஆசை வரும், அதனால்தான் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கிறேன். சின்னவளிடம் நீயே சொல். இந்தத் தடவை அண்ணனுக்காகப் பொய் சொல்லாதே.

மச்சான்


நவம்பர் 16

மச்சானுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. உங்கள் தங்கைதான் பிரித்துச் சத்தமாகப் படித்தாள், என்னால் உட்கார முடியாத நாள் அது. பூஜ்யத்தில் நிற்கட்டும் என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். மீதியை மனசுக்குள் படித்தாள். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நேராக அதிகாரி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து, சமையல்கட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றாள். அழுதாளா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

ஜெயிலில் அளவுக்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தார்களாம். "அப்போ அந்தப் படத்துல அது நாலுதானே?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம். விடுதலைக்குத்தான் இன்னும் ஒரு படி பாக்கி.

அந்தப் படி நீங்கள்தான். தாளும் கடிதமும் போதாது, ஆறரையில் வைத்துப் பொய்யாணியிலிருந்து ஒரு படம் வேண்டும், எடுத்தவர் கையாலேயே வேண்டும் என்கிறார் அந்த அம்மா. உங்கள் நெஞ்சைப் பற்றி உங்கள் தங்கை அவரிடம் சொன்னாள். டாக்டர் ஒருவரை அடிவாரத்தில் நிறுத்தி வைக்கிறாராம். ஆனால் சுமப்பதற்கு ஆள் இல்லை மச்சான். குடியிருப்பில் மிச்சமிருக்கிறவர்களிடம் உங்கள் தங்கையே போய்க் கேட்டுப் பார்த்தாள். எவ்வளவு கூலி கொடுத்தாலும் அந்தப் பெட்டியைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். ஸ்டோர்க்காரம்மாவின் வீட்டுக்காரர் மட்டும், "தூக்கிட்டு வந்து மேலருந்து உருட்டிவிடவா?" என்றாராம். குமாஸ்தா வருவார். சாட்சி சாமானைத் தொடக் கூடாதாம்.

அதனால் உங்களுக்குச் சுமக்கச் சொல்லித்தருகிறேன். எடுக்க நீங்கள் எனக்குச் சொல்லித்தந்தீர்கள். நான் ஒன்றையும் விடமாட்டேன்.

ஒரே நடையில் முயற்சி பண்ண வேண்டாம். மூன்றாகப் பிரியுங்கள். ஸ்டாண்டை முதலில் கொண்டுபோங்கள், அதுதான் கனம், மூச்சு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். தோளில் வைக்காதீர்கள், முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள், கால்கள் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். பட்டையை மார்பில் இறுக்காமல் இடுப்பில் இறுக்குங்கள், உங்கள் நெஞ்சுக்கு அதுதான் நல்லது. ஹோல்டர் ஒரு ஜோடி போதும், மீதியை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டேன், ஆறு கிலோ குறைந்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்துக் குறைத்துவிடுங்கள். நாற்பது எட்டுக்கு ஒரு தடவை நில்லுங்கள், களைத்த பிறகு நிற்காதீர்கள், களைக்கும் முன்பே நில்லுங்கள். மூச்சு முட்டினால் இறங்கிவிடுங்கள், மறுநாள் ஏறலாம். இதையெல்லாம் மே மாதம் சொல்லியிருந்தால் உங்கள் பன்னிரண்டு கிலோவையும் சேர்த்து நானே தூக்கியிருப்பேன். வலிக்கிறது என்று முனகிக்கொண்டாவது தூக்கியிருப்பேன். நானும் என் இடுப்பைச் சொல்லவில்லைதான்.

மேலே சங்கிலிக்குப் போக வேண்டியதில்லை. மெய்யாணிப் படம் நான் எடுத்தது இருக்கிறது. இந்தத் தடவை பொய்யாணி போதும்.

பெட்டியையும் ஸ்டாண்டையும் வாசலில் வைத்திருப்போம். வீட்டுக்குள் வர வேண்டாம் என்கிறாள் உங்கள் தங்கை. கொஞ்ச நாள் போனால் வரலாமா என்று நான் கேட்டுப் பார்த்தேன், எழுந்து போய்விட்டாள். நான் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில்தான் இருப்பேன், நீங்கள் எடுத்துக்கொண்டு போவது தெரியும்.

இன்னொன்று. ஜூனில் நீங்கள் கேட்டது பொய்க் கேள்விதான், தெரிந்துகொண்டே கேட்டீர்கள். இருந்தாலும் கேட்டீர்கள். நான்தான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இல்ல மச்சான், இன்னும் மேல போகணும், இல்லன்னா திரும்பிடலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீங்கள் திட்டியிருப்பீர்கள். ஏறியிருப்போம், இல்லை இறங்கியிருப்போம். எதுவாயிருந்தாலும், குடியிருப்பை எங்கே மாற்றியிருந்தாலும், அடுத்த ஜூனிலும் வழக்கம்போல ஸ்டோரில் சாமானை இறக்கி வைத்திருப்போம், ஸ்டோர்க்காரம்மா ஒவ்வொன்றாக எண்ணி வாங்கி உள்ளே வைத்திருப்பாள்.

மாப்பிள்ளை